அத்தை கடை வெறுஞ்சாக்குகள்

என் அத்தையின் கடையை ஊரே சேர்ந்து மூடியது. மூடக் கூடாது என்று கூட்டம் போட்டு முடிவு செய்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். இத்தனை வயதான பிறகும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊருக்கென்று இருந்தது அந்த ஒரு கடைதான். மாமா இறந்த பின் அப்பாவின் அக்காவான அத்தை தனியாக நடத்தினாள். உப்பும் மண்ணெண்ணெயும் விற்கிற கடை என்றுதான் பெயர். ஆனால் சர்க்கார் ஆள் கொடுத்துவிட்டுப் போகும் காய்ச்சல் மாத்திரை அங்கேதான் கிடைக்கும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கும் டோலிக் கம்பு அதன் கூரையில்தான் தொங்கும். வெளியூர்ச் சேதியும் அங்கேதான் வந்து சேரும். இதற்கெல்லாம் அத்தை யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. உப்பு விற்றுத்தான் அவள் சாப்பிட்டாள்.

அந்த உப்பு அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக வர வேண்டும். சுமையாட்களிடம் கொடுத்தனுப்புவதற்காக வெறுஞ்சாக்குகளை உதறி மடித்து ஒரு மூலையில் அடுக்கி வைத்திருப்பாள். அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. ஒருமுறை நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து முதுகில் நன்றாக வாங்கியிருக்கிறேன்.

மலைமேல் சந்தை கூடும் செம்மேட்டுக்கு லாரி வரத் தொடங்கியதும் அங்கே சந்தையில் உப்பு மலிந்துவிட்டது. “இனி கட்டாது. நான் மவ ஊட்டுக்கே போயிடறேன்” என்றாள் அத்தை. ஊர் பதறிப்போய்க் கூடியது. எது எங்கே வாங்கினாலும் உப்பை மட்டும் அத்தையிடமே வாங்குவது என்று முடிவாயிற்று. அதிகம் பேசியவர் என் அப்பா. பேச்சில் அவருக்கு என்றைக்கும் குறை கிடையாது. அந்தப் பேச்சை நம்பி அத்தை தங்கிவிட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அப்பாவோடும் ஊர்க்காரர்கள் சிலரோடும் செம்மேட்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பினேன். ஊரை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு இடமில்லை. எல்லாரும் ஓடி அத்தை கடைக்குள் நின்றோம். கூடைகளின் மேலே கருவாடும் வெங்காயமும் தெரிந்தன. அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அத்தை அப்பாவின் கூடைக்கு அடியில் விரலை நீட்டி, சொட்டியதை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“உப்பு வாங்கச் செம்மேடு, மழைக்கு ஒதுங்க என் கடையாடா?”

அப்பா தரையைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர், “கொஞ்சந்தானுங்க... சந்தைக்குப் போன கையோட...” என்று இழுத்தார்.

“நாளைக்கு ஊட்டுல ஒருத்திக்கு வலி எடுத்தா, டோலிக் கம்பை லாரிக்காரங்கிட்டப் போய்க் கேளுங்க.”

அத்தை மூலைக்குப் போனாள். அடுக்கியிருந்த சாக்குகளை உருவி ஆளுக்கொன்றாக வீசினாள். “மூடி எடுத்துக்கிட்டுப் போங்க, கரைஞ்சிரும்.” கடைசிச் சாக்கை மடித்து, நனையாமலிருக்க என் தலையில் கொங்காடையாகப் போட்டுவிட்டாள். “வெச்சுக்க கண்ணு. திருப்பித் தர வேண்டாம்.”

“பாத்தியா, கோவம் தணிஞ்சிருச்சு. அக்கான்னா அக்காதான்” என்றார் அப்பா வழியில். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த சந்தை நாளுக்குள் அத்தை மலையிறங்கி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் ஊர்க்காரர்கள் ஒரு மாத்திரைக்காகக் காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டே செம்மேடு வரை நடந்தார்கள். டோலிக் கம்பு யார் வீட்டில் கிடக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அப்போதெல்லாம், “இப்படி விட்டுட்டுப் போயிட்டாளே” என்று அவளைத்தான் திட்டினார்கள். அப்பாவும் திட்டினார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆனால் அந்த மழை நாளில் நான் சந்தோஷமாகத்தான் ஓடினேன். சாக்கின்மேல் உட்கார்ந்ததற்கு அடித்தவள் எனக்கே எனக்கென்று ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டாள். என்மேல் பிரியம் கூடிவிட்டது என்று நினைத்தேன். எல்லாச் சாக்கையும் கொடுத்துவிட்டால் இனி எதில் உப்பு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவுக்கு எட்டு வயதில்லை.