கடலில் விழுந்த இளவரசன்

ஏழு பாக ஃபேண்டஸி கதை ஒன்றுக்காக நடக்கும் எங்கள் ஆன்லைன் குழுவில் ஒரு விதி உண்டு. கடைசி உறுப்பினரும் "முடித்தேன்" என்று எழுதும்வரை புதுப் பாகத்தின் முடிவைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது.

இடக்கொச்சிக்காரர் ஒருவர் மட்டும் மூன்று வாரமாக எழுதவில்லை. கதையில் கடலில் விழுந்த இளவரசன் திரும்பி வருவான் என்று ஆறு வருஷமாக என்னோடு மல்லுக்கு நின்றவர். "நீர் படித்த படிப்பு வீண்" என்று எல்லார் முன்னாலும் என்னைச் சொன்னவர். நான் அதை மறக்கவில்லை.

கடைசிப் பாகத்தில் இளவரசன் வரவில்லை. ஜெயித்தது நான்.

"ஓய், எங்கே ஒளிந்திருக்கிறீர்?" என்று நேற்றுகூடக் கேட்டிருந்தேன்.

இன்று மட்டாஞ்சேரி பிரௌசிங் சென்டரில் போய்ப் பார்த்தால், அவர் கணக்கிலிருந்து அவர் மகள் மலையாளத்தில் பதில் எழுதியிருக்கிறாள். அப்பா போன வாரம் இறந்துவிட்டார். இன்னும் நூறு பக்கம் பாக்கி இருந்ததாம்.

"உங்கள் சண்டையைப் பற்றி அப்பா தினமும் சாப்பிடும்போது சொல்வார், அங்கிள். இளவரசன் வந்தானா?"

கீபோர்டைத் தொடாமல் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். கடைக்கார சேட்டன் எட்டிப் பார்த்து, "எந்தா சுவாமி, இன்னிக்குச் சண்டை இல்லையா? கீபோர்டு தப்பிச்சுது!" என்றார்.

"வந்தான், மோளே. உன் அப்பா சொன்னதுதான் சரி" என்று மலையாளத்திலேயே எழுதினேன்.

பத்து நிமிஷத்தில் முப்பது பேர் அதற்குக் கீழே "ஆமாம், வந்தான்" என்று எழுதிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் ஒப்புக்கொள்ளாத கூட்டம் அது.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் உண்மையை இங்கே தமிழில் எழுதுகிறேன். நான் ஜெயித்ததற்கு வாழ்த்துச் சொல்ல நினைப்பவர்கள் தயவுசெய்து தமிழிலேயே சொல்லவும்.