தங்கம்மாவின் கால் கிடந்த பாத்தி

வீட்டுத்தோட்டங்களில் மண்ணைக் கொத்திப் பதப்படுத்துவதுதான் என் தொழில். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேருக்கு முன் வாய் திறக்க இந்த வயதிலும் கூச்சம். மண் நம்மிடம் எதுவும் கேட்காது என்று நினைத்திருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்படி நினைக்கக் கூடாது.

களுவாஞ்சிக்குடியில் ஒரு டீச்சர் வீட்டுக்கு முதன்முதல் வேலைக்குப் போனேன். மாரி முடிந்து தை பிறந்திருந்தது. மிளகாய் நாற்று முற்றத் தொடங்கிவிட்டது. இந்தக் கிழமைக்குள் நட்டுத் தந்தால் இனித் தோட்டத்தை நானே பார்க்கலாம் என்று டீச்சர் சொன்னார். வீட்டைச் சுற்றிய வளவு முழுக்க வெறும் கடற்கரை மணல். எருவோடு கொஞ்சம் கறுப்பு மண்ணும் வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் அது இருந்தது. வீட்டுக்காரி தங்கம்மா காத்தான்குடிக்குச் சீலை எடுக்கப் போயிருந்தார். கேட்டதற்கு அவருடைய புருசன் அள்ளச் சொன்னார். ஓலைக் கடகத்தில் அள்ளி வந்து, எருவோடு கலந்து பாத்தியில் பரவினேன்.

அந்தியில் தங்கம்மா வேலியோரம் வந்து நின்றார்.

"ஆருகா என்ட காலடி மண்ண அள்ளின?"

தினமும் அவர் கால் கழுவுகிற இடமாம். காலடி மண்ணை எடுத்துச் செய்வினை செய்வார்கள் என்ற பயம் எங்கள் பக்கத்தில் உண்டு. எனக்கும் உண்டு. இது மிளகாய்க்கு என்று சொல்ல நினைத்தேன், சத்தம் வரவில்லை. அந்த மண்ணுக்குச் செய்வதெல்லாம் தன் காலில் படும் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

மண்ணைத் திருப்பித் தரச் சொல்கிறேன் என்றார் டீச்சர்.

"சாணி கலந்த கால் எனக்கு எதுக்கு?" என்றார் தங்கம்மா.

மறுநாள் பாத்தியைக் கொத்த மண்வெட்டியை ஓங்கினேன். வேலிக்கு அப்பால் தங்கம்மா குதிக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சர் விஞ்ஞானம் படிப்பிப்பவர், மண்ணைக் கொத்தினால் காலில் வலிக்காது என்று பொறுமையாக விளக்கினார்.

"உங்கட கால் எண்டா கொத்த விடுவீங்களா டீச்சர்?"

டீச்சர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

தண்ணீர் தெளிக்கப் போனால், பச்சைத் தண்ணீர் பட்டால் தனக்குச் சளி பிடிக்கும் என்று தங்கம்மா தடுத்தார். டீச்சர் வெந்நீர் வைத்து, ஆறவைத்துத் தந்தார். அடுத்த நாள் தங்கம்மாவின் புருசன் நல்லெண்ணெயோடு வந்து பாத்தியில் தேய்த்தார். மனைவி நடக்க ஏலாது என்று படுத்துவிட்டதால் வீட்டில் உலை ஏறவில்லையாம்.

நாற்று தலை சாயத் தொடங்கியது. இந்த வேலை போய்விடும் என்று தெரிந்தது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு தங்கம்மாவின் வேலிப் படலையில் போய் நின்றேன்.

"அக்கா, உங்கட கால்தானே. நீங்களே வந்து கொத்துங்களன்."

பாயை விட்டு எழுந்தார். பிறகு நொண்டிக்கொண்டு வந்தார். மண்வெட்டியைத் தொடவில்லை. பாத்தி முழுவதையும் விரலாலேயே கிளறினார். கட்டிகளை உதிர்த்தார், வேர், முள், ஓட்டுத்துண்டு எல்லாம் பொறுக்கினார். மண்புழு நெளிந்தபோது உள்ளங்கால் கூசுகிறது என்று சிரித்தார். மண் அரித்த மாப்போல ஆகிவிட்டது. அப்படியொரு பாத்தியை நான் என் கையால் செய்ததில்லை. அன்று மாலையே நட்டோம். தங்கம்மா நிமிர்ந்து நேராக நடந்து வீட்டுக்குப் போனார்.

மிளகாய் கிளை முறியக் காய்த்தது. டீச்சர் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். தங்கம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

"என்ட கால நானே கறி வைக்கிறதா?"

அவருடைய புருசன் மட்டும் பின்வேலியால் வந்து வாங்கிப் போவார்.

டீச்சர் வீட்டுத் தோட்டத்தை இன்றும் நான்தான் பார்க்கிறேன். ஆகவே சொல்கிறேன்: மண் எடுக்க வளவுக்காரரிடம் கேட்டால் போதாது. அதில் நின்று கால் கழுவுகிறவரிடமும் கேளுங்கள்.