பாத்துச் சொல்லுறம்

புரோக்கர் ஐயா ஒரு வீட்டிலிருந்து இறங்கி வரும்போது, படியில் அவருடைய செருப்புச் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிப்ட் இருந்தாலும் அவர் இறங்குவது படியால்தான். எரிச்சல் ஆறுவதற்கு மூன்று மாடியாவது வேண்டும் என்பார். சாதகக் குறிப்புகள் வைத்த நீலப் பைலை மடியில் போட்டுக்கொண்டு என் ஓட்டோவின் பின்சீட்டில் சாய்வார். பிறகு உள்ளே இருந்தவர்களின் குரலிலேயே சொல்வார்: "பாத்துச் சொல்லுறம்." ஒருநாள் அது இழுத்துப் பேசும் பெண்குரலாக இருக்கும். இன்னொரு நாள் தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஓய்வுபெற்ற எஞ்சினியரின் குரல். நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

"இல்லையெண்டு சொல்ல இந்தச் சனத்துக்கு என்ன தம்பி கஷ்டம்? மூண்டே எழுத்து."

கலியாணம் பேசுகிற இடத்தில் அந்தச் சொல் வந்தால் காரியம் முடிந்தது என்று பொருள். அதைக் கேட்டதும் வந்தவர்கள் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பவேண்டும். "அப்ப வாறம்" என்று சொல்லவேண்டும். வாசலில் செருப்பு மாட்டும்போது வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவேண்டும். அதற்குப் பிறகு ஒருவரும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு கிழமைக்குத் தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோவார்கள். ஐயாவுக்கு எரிச்சல் அங்கேதான். அவருக்கு ஒரு நாளைக்கு நாலு தாய்மார் எடுத்து, "அவை ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்பார்கள். அவர் பொய் சொல்லவேண்டியிருக்கும்.

எட்டாம் வகுப்போடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தைவிட்டு இறங்கியவன் நான். கொட்டாஞ்சேனையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இரண்டு வருடம் கோப்பை கழுவினேன். மூட்டை தூக்கினேன். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் படுக்கைத் துணி மாற்றினேன். ஓர் இடத்தில் கொஞ்சக் காலம் நின்றால் எனக்குக் கால் அரிக்கும். கடைசியில் இன்னொருவருடைய ஓட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டத் தொடங்கினேன். இத்தனை இடம் மாறியதில் எனக்குக் கிடைத்த படிப்பு ஒன்று உண்டு: ஒவ்வொரு வேலையிலும் மனிதரைக் குத்துகிற சொல் ஒன்று இருக்கிறது. லொட்ஜ் மனேஜருக்கு அது "ரெண்டு நாள்தான் நிப்பன்." விசாவுக்குக் காத்திருந்தவர்கள் அதைச் சொல்லிவிட்டு ஆறு மாதம் இருப்பார்கள். ஓட்டோக்காரர் எங்களுக்கு "கிட்டத்தானே." அதைச் சொல்லி ஏறுகிறவர் பாமன்கடையைத் தாண்டியும் இறங்கமாட்டார். நாங்கள் மற்றவர்களைக் குத்துகிற சொல் "மீற்றர் வேலை செய்யல." நானும் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் டிரைவர் சிங்களத்தில் அதையே சொல்வதைக் கேட்கும்போதுதான் அது எவ்வளவு கேவலமான சொல் என்று விளங்கியது.

எனக்கென்று ஒரு சொல் இருந்தது. வெள்ளவத்தையில் ஏறியவர் பம்பலப்பிட்டி வருவதற்குள் கேட்பார்: "தம்பி, ஊரில எவடம்?" ஊர் என்றால் யாழ்ப்பாணம்தான் என்ற முடிவோடு வருகிற கேள்வி. தோட்டம் என்று சொன்னால், "ஆ, அந்தப் பக்கமோ" என்பார். பிறகு கதை இருக்காது. றோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார். புரோக்கர் ஐயாவும் முதல்நாள் அதையே கேட்டார். "ஆ, அந்தப் பக்கமோ" என்றும் சொன்னார். ஆனால் கதையை நிறுத்தவில்லை. "அங்கத்தை ஆக்கள் கலியாணம் எப்பிடிப் பேசுவினம்?" என்று கேட்டார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான். அதன்பிறகு மூன்று வருடத்துக்கு மேல் அவருடைய ஓட்டம் எல்லாம் என்னோடுதான்.

அவருக்கு ஒரே மகள். பம்பலப்பிட்டியில் ஒரு பார்மசியில் வேலை. அப்போது முப்பத்துநாலு வயது. மனைவி இறந்து கனகாலம். தன் வீட்டுக் குறிப்பைப் புரோக்கர் தானே கொண்டுபோவதில்லை என்பது அவர்களுக்குள் ஒரு முறை. பொருளுக்கு உரியவனே விலை சொல்லக்கூடாது என்பது போல. அதனால் மகளின் குறிப்பை வேறொரு புரோக்கரிடம் கொடுத்திருந்தார். அந்தப் புரோக்கர் போனில் பேசி முடித்ததும் ஐயா திரையைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். அந்த நாட்களில் அவர் யாருடைய குரலிலும் பேசிக் காட்டியதில்லை.

ஒருநாள் காலை கடற்கரை வீதியில் போய்க்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"மகள் ஒராளைப் பாத்து வைச்சிருக்கிறாள். பிறிட்ஜ் திருத்திற பெடியன். கொட்டாஞ்சேனை. பார்மசியில மருந்து வைக்கிற பிறிட்ஜ் பழுதாகேக்க வந்தவனாம். ரெண்டு வரியப் பழக்கமாம்."

"நல்லதுதானேங்கய்யா."

"பெடியன்ர தாய் தோட்டம். அந்தப் பக்கம்." மடியிலிருந்த பைலைத் தட்டிக்கொண்டு, "இதுக்கு நான் ஓமெண்டா நாளைக்கு ஒருத்தரும் என்னட்டக் குறிப்புத் தராயினம் தம்பி. தன்ர பிள்ளையை அங்க குடுத்தவன் எங்கட பிள்ளைக்கு எங்க பாப்பானோ எண்டுவினம். எனக்கு வேற தொழில் தெரியாது" என்றார். கண்ணாடியில் என் முகத்தைக் கண்டிருக்கவேண்டும். "உன்னைச் சொல்லேல்லத் தம்பி."

அதுவும் ஒரு சொல். நான் பிரேக்கைத் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தேன். அவ்வளவுதான். அவர் சொன்னது உண்மை என்றும் எனக்குத் தெரியும். அந்தப் பைலுக்குள் இருந்த வீடுகளை எல்லாம் நான் வாசலில் நின்று பார்த்தவன்.

அடுத்த வியாழக்கிழமை அந்தத் தாய் பெண் கேட்டு வந்தார். ஐயா என்னையும் மேலே தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். "உங்கட பக்கத்து ஆக்கள், நீயும் வந்து இரு" என்றார். நான் ஹோலில் வாசலோரக் கதிரையில் இருந்தேன். அந்த அம்மா ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்த தட்டோடு தனியாக வந்திருந்தார். ஒரு கிளினிக்கில் கூட்டித் துடைக்கும் வேலை. கைவிரல்கள் மருந்துத் தண்ணீரில் வெளுத்திருந்தன. சேலை மட்டும் புதிது. மகனின் வேலை, வயது, குடிப்பழக்கம் இல்லாதது எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னார். சாதகம் எழுதி வைக்கவில்லை, பிறந்த நேரம் தெரியும் என்றார். ஐயா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. யன்னல் பக்கம் பார்த்தபடி, மிகவும் மரியாதையாக, அந்தச் சொல்லைச் சொன்னார்.

"நல்லதம்மா. நாங்கள் பாத்துச் சொல்லுறம்."

நான் எழும்பத் தயாரானேன். பழக்கம். அந்த அம்மா எழும்பவில்லை.

"சரிங்கய்யா. பாருங்க, நா இருக்கேன்."

ஐயாவுக்கு விளங்கவில்லை. "இல்லையம்மா, இதை நாலு பேரோட கதைச்சுத்தானே..."

"கதைங்க. போன் கையிலதானே இருக்கு."

"ரெண்டு மூண்டு நாள் செல்லும்."

"இன்னிக்கி லீவு போட்டுட்டு வந்துருக்கேங்கய்யா. அடுத்த லீவு எப்பன்னு தெரியாது." கோபமே இல்லாமல் சொன்னார். "தோட்டத்துல லயத்துக் கூரை ஒழுகுதுன்னு தொரைகிட்ட போனோம், பாத்து சொல்றோம்னாங்க. எங்கப்பா செத்தன்னைக்கும் பொணத்து மேல ஒழுகுச்சு. ஐடென்டி கார்டுக்குப் போனோம், பாத்து சொல்றோம்னாங்க. இவன ஸ்கூல்ல சேக்கப் போனேன், அங்கயும் அதேதான். எனக்கு அது நல்லா தெரிஞ்ச பேச்சுங்க. இல்லேன்னா இல்லன்னு சொல்லிருங்க, நா கோவிச்சுக்க மாட்டேன். பஸ் ஏறிப் போயிருவேன். ஆனா கேட்டுட்டுத்தான் போவேன்."

குசினி வாசலில் மகள் நின்றாள். தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்தவள். அவள் தகப்பனைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னாள்: "அந்தக் கதை உங்கட வாயால வருமெண்டு நான் நினைக்கேல்லையப்பா." கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எத்தனையோ வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டு, எத்தனையோ குரலில் அதைப் பேசிக் காட்டிய மனிதர் அன்று தன் குரலில் அதைச் சொன்னதை அப்போதுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். முகம் கறுத்துவிட்டது. "வீடு வாசல் பாக்காமல் எப்பிடியம்மா சொல்லுறது?" என்றார். தப்பித்துக்கொள்ளச் சொன்னதுதான்.

அந்த அம்மா சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்துத் தட்டில் வெற்றிலையின் மேல் வைத்தார். "நியாயந்தான். போய் பாருங்க. அவன் வேலைக்குப் போயிருக்கான். நா இங்கதான் இருப்பேன்."

சாவியோடு நாங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். பகல் நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஐயா எத்தனையோ வீடு பார்த்தவர்தான். ஆனால் பார்த்ததெல்லாம் வருகிறவர்களுக்காகத் துடைத்து வைத்த ஹோல்கள். ஒருவரும் இல்லாத வீட்டைச் சாவி போட்டுத் திறந்து உள்ளே போனது அன்றுதான். ஒழுங்கையின் கடைசியில் இரண்டு அறை. சீமெந்துத் தரை, தகரக் கூரை. அவர் குசினிக்குள் போனார், குழாயைத் திறந்து பார்த்தார், பிறகு நெடுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தகரத்தில் ஆணி அடித்த இடங்கள் ஒவ்வொன்றிலும் தார் வைத்து அடைத்திருந்தது. கட்டில் ஒன்றுதான். அது தாயினுடையது. மகனின் பாய் சுவரோடு நின்றது. கதவருகே இருந்த கலண்டரில் அந்த வியாழக்கிழமையைச் சுற்றிப் பேனையால் ஒரு வட்டம்.

"லீவு கேட்டு வைச்ச நாள்" என்றார் ஐயா. வெளியே வந்து பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

திரும்பி வரும்போது காலி வீதியில் ஒரு சிக்னலில் நின்றோம். "உனக்கு ஆரும் இப்பிடிப் பாத்துச் சொல்லுறமெண்டு சொன்னவையோ தம்பி?" என்று கேட்டார்.

"எனக்கு யாரு பொண்ணு பாத்தா, சொல்றதுக்கு?" என்றேன். பிறகு, "ஆனா மத்ததுக்கெல்லாம் கேட்டிருக்கேங்கய்யா. நீங்க கேட்டதவிட கூட" என்றேன். அவர் தலையாட்டினார். உன்னைச் சொல்லேல்ல என்று இந்த முறை சொல்லவில்லை.

நாங்கள் மேலே போனபோது அந்த அம்மா இருந்த கதிரையிலேயே நித்திரையாகிவிட்டிருந்தார். வாய் சற்றுத் திறந்திருந்தது. மகள் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். ஐயா எழுப்பவில்லை. எதிரே உட்கார்ந்து, சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அரை மணித்தியாலம் காத்திருந்தார். அவரை அப்படிக் காத்திருக்க வைத்த வீட்டார் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அந்த அம்மா கண்விழித்துச் சேலையைச் சரிசெய்யும்போது சாவியை நீட்டினார்.

"பாத்தனான். எங்களுக்குச் சம்மதம்."

"இத அப்பவே சொல்லியிருந்தா பெற்றோலாவது மிஞ்சியிருக்கும்" என்றார் அந்த அம்மா. குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

ஐயா பயந்தது அப்படியே நடந்தது. கலியாணம் முடிந்து சில மாதத்துக்குள் குறிப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்கப்பட்டன. ஒருவரும் காரணம் சொல்லவில்லை. "மகள் இப்ப படிக்கப்போறாள்" என்றார் ஒருவர். "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் இன்னொருவர். ஓட்டம் குறைந்தது. எனக்கும் வழக்கம்போலக் கால் அரித்தது. ஓட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இப்போது கொலன்னாவைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் லொறிக்குச் சாமான் ஏற்றுகிறேன். இங்கே எரிச்சலூட்டும் சொல் "இதுதான் கடைசி லோட்."

போன மாதம் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது அவரைத் தேடிப் போனேன். மருமகன் சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறான். குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நடுவே ஐயா ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வருகிற அழைப்புகளுக்குப் பதில் சொல்கிறார். நான் நின்றபோது யாரோ எடுத்தார்கள். "இண்டைக்கு ஏலாது. நாளைக்கு நாலு மணிக்கு வருவான்" என்று சொல்லிவிட்டு வைத்தார். உள்ளே சம்பந்தி அம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

தொழில் போனதில் கவலை இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். விடிந்தால் எங்கே போவதென்று இன்னும் கால் தேடுகிறதாம். வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கத்துக்குக் கடந்து போகிறார்களாம். அதையும் யாருடைய குரலிலும் இல்லாமல், தன் குரலில்தான் சொன்னார். பிறகு எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"ஆனா ஒண்டு தம்பி. இப்ப ஒருத்தரும் எனக்குப் பாத்துச் சொல்லுறமெண்டு சொல்லுறேல்லை. காது சுகமாக் கிடக்கு."