பதினொன்று குடிக்கப் போன அப்பா

அவுஸ்திரேலியாவுக்கு வருவதற்கு முன், இனிக் குடிப்பதில்லை என்று அப்பா என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தார். அதை மீறினால் என் உயிருக்கு ஆகாது என்று அம்மா முழுதாக நம்பினார். எனக்கு அப்போது ஏழு வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில், நோபிள் பார்க்கில் இருந்தோம்.

பக்கத்து ஃபிளாட்டில் சிலி நாட்டுக்காரர் ஒருவர். தனி ஆள். அப்பாவோடு டயர் தொழிற்சாலையில் வேலை. பின்னேரம் ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி "ஒன்சே" என்பார். ஸ்பானிய மொழியில் பதினொன்று. அவர்கள் ஊரில் பின்னேரத் தேத்தண்ணிக்கு அதுதான் பெயர். அப்பா என்னையும் கூட்டிப் போவார். பாண், பட்டர், தேத்தண்ணி. இருவருக்கும் ஆங்கிலம் குறைவு. ஆனாலும் அப்பா சிரித்தது அந்தக் குசினியில் மட்டும்தான்.

ஏன் பதினொன்று என்று ஒருநாள் கேட்டேன். அவர் விரல் விட்டு எழுத்துகளை எண்ணிக் காட்டினார். அந்த நாளில் சுரங்கத்து ஆட்கள் அகுவார்தியெந்தே என்ற சாராயம் குடிப்பார்களாம். ஸ்பானியத்தில் எழுதினால் அது பதினொரு எழுத்து. வீட்டுக்குத் தெரியாமல் இருக்க, பதினொன்று எடுக்கப் போகிறோம் என்பார்களாம்.

"வைஃப் நோ நோ!" என்று அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தார். உண்மையோ கதையோ, தெரியாது.

அந்தக் குளிருக்குள் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் விடவில்லை. அம்மா முகம் செத்துப்போய்ப் பக்கத்தில் இருந்தார். சிரிக்க வைக்கலாம் என்று பதினொன்றின் கதையைச் சொன்னேன். கண்ணடித்தும் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா வேலையால் வந்ததும் அம்மா கேட்டார்.

"இஞ்சருங்கோ, என்ர பிள்ளையின்ர தலையில அடிச்செல்லோ சத்தியம் பண்ணினனீங்கள்?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"அங்க போய் என்னத்தைக் குடிக்கிறியள்?"

"தேத்தண்ணிதான்."

"வேற பேர் வைச்சுத்தானே அவங்கள் குடிக்கிறவங்கள். பிள்ளை எல்லாம் சொல்லிப்போட்டுது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

"சரி. இனிப் போகமாட்டன்" என்றார்.

அடுத்த நாள் காய்ச்சல் விட்டது. அம்மாவுக்கு அது போதும். ஐந்து மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. ஒருவரும் எழும்பவில்லை. இன்னும் சில நாள் தட்டினார். பிறகு விட்டுவிட்டார்.

அப்பா சத்தியத்தை ஒருநாளும் மீறவில்லை. அந்த மேசையில் நானும் இருந்தேன். மூன்று கோப்பையும் ஒரே கேத்திலில் இருந்து நிரம்பியதைக் கண்டேன். அன்று அப்பா என்னைப் பார்த்தது ஏசுவதற்கு என்றுதான் நினைத்தேன். அவர் சாட்சி கேட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.