கூன் முதுகோடு சாமி காவினேன்

நாரந்தனைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, என் மனைவி என்னைத் தாண்டிப் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்கு முன்னால்தான் நின்றேன். நிலத்தைப் பார்த்தபடி, கையில் ஒரு துணிப்பையோடு நிற்கிற அந்த ஆள் தன்னுடைய புருஷன் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"இஞ்சேரப்பா, நான்தான்" என்றேன்.

என் முகத்தைப் பார்க்க அவள் குனிய வேண்டியிருந்தது. பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அவளுடைய குதிக்கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அதற்கு மேல் என் கழுத்து எழும்பவில்லை.

முதுகு ஒரு நாளில் வளைந்ததல்ல. தெற்கே ஒரு சின்னப் பட்டணத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கடை இருந்தது. படிப்பை நிறுத்திவிட்டு நான் அங்கே போனவன். முதலில் அரிசி மூட்டையும் சீனி மூட்டையும் முதுகில் காவினேன். பிறகு கடைப் பொறுப்பு வந்ததும், உயரம் குறைந்த, பதிந்த மேசை ஒன்றின் முன்னால் விடிந்ததிலிருந்து கடை பூட்டும்வரை குந்தியிருந்தேன். படுக்கை கடைக்கு மேலே பலகைத் தட்டில். அங்கே கூரை அவ்வளவு பதிவு. யாரும் நிமிர்ந்து நிற்க ஏலாது. எழும்பினால் குனிந்தபடிதான் ஏணிவரை போகவேண்டும். இப்படியே வருடங்கள் போயின. பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊருக்கு வரும்போது, "கொஞ்சம் நிமிர்ந்து நடவுங்கோவன்" என்று மனைவி சொல்லுவாள். ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு நான் திரும்பவும் பஸ் ஏறிவிடுவேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் தமிழருக்கு எதிராக வந்த கலவரத்தில் கடை எரிந்தது. பக்கத்தில் பேக்கரி வைத்திருந்த சிங்களவர் என்னைத் தன் மா மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். வெளியே சத்தம் அடங்கும்வரை முழங்காலுக்குள் தலையைச் செருகிக்கொண்டு அங்கேயே இருந்தேன். நல்ல மனிதர். தேத்தண்ணீரும் கொண்டுவந்து தந்தார். பிறகு அகதிகளோடு ஊர் வந்து சேர்ந்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த அந்த இருப்பிலேயே என் உடம்பு இறுகிப் போயிருந்தது.

வீட்டில் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் பாயில் கிடந்தேன். மல்லாந்து படுக்க முடியவில்லை. படுத்தால் தலை நிலத்தில் படாது, கீழே இரண்டு தலையணை வைக்கவேண்டும். முதுகின் அடியில், நாரி எந்நேரமும் கடுத்தது. அதைவிட மோசம், எனக்கு எதிலும் மனம் இல்லாமல் போனது. அயலட்டை ஆட்கள் வந்து கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு, என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அதே கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கு நடந்த கதை போலவே இல்லை. கடைசியில், ஆள் வருகிற சத்தம் கேட்டால் நித்திரை போலக் கிடந்துவிடுவேன்.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு மனைவிதான் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் முதுகெலும்பை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப் படம் எடுப்பித்தார். திரும்பப் போனபோது படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எலும்பிலை பெரிசா ஒண்டும் இல்லை. தசையெல்லாம் இறுகிப்போய்க் கிடக்கு. இப்பிடிப் படுத்துக் கிடந்தால் இன்னும் இறுகும். நடவுங்கோ. கையை மேலை தூக்கி ஏதாவது வேலை செய்யுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்க வேலை செய்துதான் இப்படிக் கிடக்கிறேன். இவர் இன்னும் வேலை செய்யச் சொல்கிறார். அவர் தந்த குளிசையை வாங்கிக்கொண்டு வந்து மறுபடியும் படுத்துவிட்டேன்.

மனைவி நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசினாள். உப்பு ஒத்தணம் கொடுத்தாள். அதற்கிடையில் ஆடுகளைப் பார்த்தாள், எங்கள் பெட்டைப் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தினாள், குடிதண்ணீருக்கு நல்ல கிணறு தேடிக் குடத்தோடு நடந்தாள். ஒருநாள் காலை அவள் குசினிக்குள்ளிருந்து வந்து, என் முதுகுப் பக்கமாக நின்றுகொண்டு சொன்னாள்:

"நீங்கள் அங்கை இருக்கேக்கை நான் இஞ்சை தனியத்தான் எல்லாம் பாத்தனான். அப்ப நீங்கள் வருவியள் எண்டு ஒரு எண்ணம் இருந்தது. இப்ப வந்திட்டியள். ஆனாலும் நான் தனியத்தான் பாக்கிறன். எனக்கும் ஏலாமல் வருகுது."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சண்டை பிடித்திருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "கோயிலுக்காவது ஒருக்காப் போட்டு வாங்கோ. இப்ப அங்கை ஒருத்தரும் இருக்க மாட்டினம்" என்றாள். ஆட்களைப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் பிள்ளையார் கோயில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அன்றைக்கு இடையில் பனைகளைப் பிடித்துப் பிடித்து நின்றுதான் போய்ச் சேர்ந்தேன். கோயிலில் ஐயர் மட்டும் இருந்தார். என் வயது ஆள். காலைப் பூசைக்கு அபிஷேகத் தண்ணீர் அள்ளக் கிணற்றடியில் நின்றார். ஒரு கையால், கிணற்று ஏற்றமான துலாவில் தொங்கிய கொடியைப் பிடித்து இழுத்துவிட்டு, மற்றக் கையால் தன் தோளைத் தடவினார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"நீர் கும்பிட வந்தனீரோ, சும்மா வந்தனீரோ?"

"சும்மாதான் ஐயா."

"அப்ப நல்லதாப் போச்சு. குளிச்சிட்டு வந்து இதை ஒருக்காப் பிடியும். எனக்குத் தோள்மூட்டு ஏலாது. மூண்டு மாசமா இப்பிடித்தான்."

என் முதுகைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. கலவரத்தைப் பற்றியும் கேட்கவில்லை. அவருக்குத் தோள் நோ. அதுதான் அவருக்குப் பெரிது. ஊருக்கு வந்த பிறகு, என்னிடம் ஒரு காரியத்துக்காகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

துலாக்கொடியை இழுப்பதற்குக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். என் கை காதளவுக்கு மேல் போகவில்லை. கொடியை எட்டிப் பிடிக்கவும் முடியவில்லை, அண்ணாந்து பார்க்கவும் முடியவில்லை. தடவித் தடவிப் பிடித்து, உடம்பின் பாரத்தைப் போட்டுத் தொங்கி ஒரு வாளி அள்ளினேன். நாரியில் மின்னல் அடித்தது. கிணற்றுக் கட்டில் குந்திவிட்டேன். ஐயர் வாளியைப் பார்த்துவிட்டு, "இன்னும் வேணும். ஆனால் களை ஆறியிரும். பிள்ளையார் ஒரு இடமும் போக மாட்டார்" என்றார்.

அடுத்த நாளும் போனேன். பக்தியால் என்று சொல்லமாட்டேன். கடை எரிந்த நாளிலிருந்து எனக்குக் கடவுளோடு பேச ஒன்றும் இருக்கவில்லை. காலையில் வீட்டில் கிடந்து மனைவியின் நடமாட்டத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட இது லேசாக இருந்தது. நான் போகாவிட்டால் அந்த மனிதர் ஏலாத தோளோடு இழுப்பார் என்பதும் மனதில் உறுத்தியது. தோய்ந்து, ஈர வேட்டியோடு தண்ணீர் அள்ளிக் கொடுப்பேன். அபிஷேகம் முடிந்ததும் வெளிவீதியை மெல்லச் சுற்றுவேன். மணலுக்குள் கால் புதையும். கல்லுக் குத்தும். களைத்துவிடும். சில நாட்களில் பாதியிலேயே வேப்பமரத்தடியில் நின்றுவிடுவேன்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. முதலில் நோ கூடியது. இரவில் புரண்டு படுக்க முடியாமல் முனகினேன். பிறகு ஒரு காலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாரி வந்து, கிணறு நிரம்பி, வாளி கைக்கெட்டிய தூரத்தில் மிதந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். துலாவின் உச்சியில் ஒரு காகம் இருந்தது. அதை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குக் கொஞ்சம் பின்னால், கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டேன். அதுவரை நான் விழுந்தால் நெற்றி பட்டால் நெஞ்சு படாது, நெஞ்சு பட்டால் நெற்றி படாது. அன்றைக்கு இரண்டும் குளிர்ந்த நிலத்தில் பட்டன. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்றால், அப்படியே நித்திரையாகிவிட்டேன். ஐயர் வந்து தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்ன மனுசன் நீர்! நான் பயந்திட்டன். சீவன் போட்டுதாக்கும் எண்டு நினைச்சன்."

"அலுப்பிலை கண்ணயர்ந்திட்டன் ஐயா."

"சரி, படுத்திரும். அங்காலை தள்ளிப் படும், ஆக்கள் சுத்தி வருவினம்."

திருவிழா கிட்டியதும் என் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தான். யாழ்ப்பாணம் ஓடுகிற பஸ்ஸில் கொண்டக்டர் வேலை. கோயிலில் சாமி காவுகிறவர்களுக்கு அவன்தான் தலைவன் மாதிரி. தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், இந்த முறை ஆள் காணாது. பெடியள் கனபேர் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டிட்டாங்கள். நீங்களும் ஒரு பக்கம் தோள் குடுக்கவேணும்."

"உனக்கென்ன விசரே? நான் கூனன். என்ரை பக்கம் பதியும். சாமி சரியும்."

"அதைப் பேந்து பாப்பம்."

"பேந்து என்னத்தைப் பாக்கிறது? சாமி விழுந்த பிறகோ?"

அவன் சிரித்தான். குசினி வாசலில் நின்ற என் மனைவி சிரிக்கவில்லை. "ஏலுமெண்டால் செய்யட்டும். ஏலாதெண்டால் விடட்டும். நீ ஆக்கினைப்படுத்தாதை" என்றாள். ஆனால் திருவிழாவன்று பின்னேரம் என் வேட்டியைத் தோய்த்து மடித்துக் கதிரையில் வைத்திருந்தாள்.

சாமியை அலங்கரித்து வெளியே கொண்டுவந்தார்கள். மேளம் முழங்கியது. என்னைப் பின்பக்கம், உள்வரிசையில் நிறுத்தினார்கள். சாமியைத் தாங்கிய தண்டு தோளில் ஏறியபோது மூட்டை காவிய பழைய பாரம் ஞாபகம் வந்தது. ஆனால் மூட்டையை நான் தனியே காவினேன். இது வேறு. எனக்கு முன்னால் ஒருவருடைய வியர்த்த முதுகு. பக்கத்தில் ஒருவருடைய மூச்சு. எல்லாரும் ஒரே அடியில் அசைந்தோம்.

தெற்கு வீதியில் என் நாரி பிடித்துக்கொண்டது. உடம்பு தானாகக் குனிந்தது. என் பக்கம் தண்டு பதிய, மேலே சாமியின் குடை சரிந்தது. சனத்துக்குள் யாரோ "ஐயோ, பிள்ளையாரே!" என்று கத்தினார்கள். தண்டை விட்டு விலகலாம் என்று நினைத்தேன். விலகினால் பாரம் மற்றவர்கள்மேல் போகும். விலகாவிட்டால் சாமி சரியும். அப்போது முன்னாலிருந்து மனைவியின் தம்பியின் குரல் கேட்டது.

"எல்லாரும் கொஞ்சம் பதியுங்கோடா! அத்தானுக்குச் சமனாப் பதியுங்கோ!"

எனக்கு முன்னால் இருந்த முதுகு பதிந்தது. பக்கத்தில் இருந்தவர் முழங்காலை மடித்தார். அந்தப் பக்கம் மட்டுமல்ல, மற்றப் பக்கமும். இரண்டு தண்டுகளின் நாலு முனையும் என் உயரத்துக்கு இறங்கின. குடை நேரானது. அரை மடிந்த காலோடு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் மட்டும், "கெதியா நடவுங்கோடா, தொடை நடுங்குது" என்றார்.

கலவரத்துக்குப் பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான். வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக வடிந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. மேற்கு வீதியில் திரும்பும்போது நாரி கொஞ்சம் இளகியது. என்னால் ஏலுமான அளவுக்கு எழும்பினேன். நான் எழும்ப அவர்களும் எழும்பினார்கள். முழுதாக இல்லை. ஆனால் முன்னால் போகிற தீவட்டியும், அதற்கு அப்பால் பனை உச்சிகளும் தெரிந்தன.

வீட்டுக்கு வந்தபோது தோள் வீங்கிப் பொங்கியிருந்தது. மனைவி உப்பைச் சூடாக்கித் துணியில் கட்டி ஒற்றினாள். "சரிஞ்சதாம்" என்றாள். "ஓம்" என்றேன். "விழேல்லைத்தானே" என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

என் கூன் முழுதாகப் போகவில்லை. டொக்டரிடம் பிறகு ஒருமுறை போனபோது, "இவ்வளவு வந்ததே பெரிசு" என்றார். பெரிசுதான். மல்லாந்து படுக்கிறேன். ஒரு தலையணை போதும். ஆனாலும் காலையில் எழும்பும்போது உடம்பு எனக்கு முன்னமே களைத்துப்போய்க் கிடக்கிறது. தெற்குக்கு நான் திரும்பிப் போகவில்லை. வீட்டு முன்வளவில் ஒரு சின்னக் கடை போட்டேன். மேசை வைக்கவில்லை, நின்றுதான் வியாபாரம். துலாவில் தண்ணீர் அள்ளுவதையும் விடவில்லை. ஐயருடைய தோள் சுகமான பிறகும், "நீரே அள்ளும், எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டார்.

எண்பதுகள் தொடங்கியதும் மனைவியின் தம்பியும் ஜேர்மனிக்குப் போய்விட்டான். அவனோடு தண்டு பிடித்தவர்களில் பாதிப்பேர் அப்போது ஊரில் இல்லை. தோள் கொடுக்க ஆள் காணாமல், கோயிலில் சில்லுப் பூட்டிய சகடை ஒன்று செய்வித்தார்கள். சாமி அதில் ஏறிச் சுற்றினார். தள்ளுவதற்கு நாலைந்து பேர் போதும். முதல்முறை அது மணலில் புதைந்து நின்றபோது எல்லாரும் சேர்ந்து தூக்கிவிட்டோம்.

அந்தத் திருவிழாவில் நானும் மனைவியும் சகடைக்குப் பின்னால் நடந்தோம். வடக்கு வீதியில் அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன?"

"நாரி கடுக்குது. கொஞ்சம் இருப்பமே?"

வேப்பமரத்தடி மணலில் இருவரும் இருந்தோம். தன் முதுகை மரத்தோடு சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டாள். மேளச் சத்தம் மூலையில் திரும்பி மங்கியது.

"நாளைக்குக் காலமை தண்ணி அள்ள என்னோடை வாவன்" என்றேன்.

"அதையும் நானே அள்ளுறது?" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "பாப்பம்" என்றாள்.