பல் வந்த பிறகு தேதி போடலாம்

ஒரு மனிதனை ஊரை விட்டுத் துரத்தும் நோட்டீஸை நான் என் கையால் எழுதினேன். போன மாதம்தான். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊரில் உள்ளவர்களையெல்லாம் திட்டுகிறேன். இந்த வாரம் என் முறை. சந்தோஷமாகப் படியுங்கள்.

வடக்கே சீனாவோடு சண்டை ஆரம்பித்ததும் கொடைக்கானலில் எங்களுக்குக் கை பரபரத்தது. ஆனால் என்ன செய்ய? எல்லை எங்கேயோ இருக்கிறது. துப்பாக்கி கிடையாது. ஆகவே கமிட்டி போட்டோம்.

உருளைக்கிழங்கு மண்டி பொன்னையா தலைவர். மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டால் இருபது பேர் உட்காரலாம் என்பதுதான் அவருடைய தகுதி. நான் செக்ரட்டரி. நாயுடுபுரத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன், கையெழுத்து நன்றாக இருக்கும் — என் தகுதி அவ்வளவுதான்.

ஜவான்களுக்குக் கம்பளி, ஸ்வெட்டர் சேர்ப்பது என்று அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போனோமா? மழை பெய்துகொண்டிருந்தது. தேசபக்தி வேறு மிச்சம் இருந்தது.

மிச்சத்தை யார் மேல் கொட்டுவது? கடைவீதியில் ஒருவர் இருந்தார் — சைனா டாக்டர்.

பல் டாக்டர். பெயர் லியூ. இருபது வருஷத்தில் யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. சம்சாரம் மரியபுஷ்பம், வத்தலக்குண்டுப் பெண். ஒரே மகள் ரோஸி, ஐந்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவர் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதைத் திரும்பி நின்று கேட்டால், மதுரைக்காரர் என்றுதான் சொல்வீர்கள்.

"அவரு வாசல்ல ஒரு பெரிய பல்லு படம் தொங்குதே, அது எதுக்குங்கிறீங்க?" என்று ஆரம்பித்தார் மளிகைக் கடைக்காரர். "பிளேன்ல வர்றவனுக்கு அடையாளம்!"

"இந்த மூடுபனியில என் கடை எனக்கே தெரிய மாட்டேங்குது. பிளேன்காரனுக்குப் பல்லு தெரியுமாக்கும்?" என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. இருபது பேரும் என்னையே பார்த்தார்கள். நீ எந்தப் பக்கம் என்று கேட்கிற பார்வை. நான் பேனாவைத் திறந்தேன். கோழை என்று திட்டுகிறீர்களா? திட்டுங்கள். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

"இருபத்து நாலு மணி நேரத்துல ஊரைக் காலி பண்ணணும்னு எழுதுங்க," என்றார் தலைவர். "இல்லாட்டி நடக்கிறதுக்குக் கமிட்டி பொறுப்பில்லை. அதையும் எழுதுங்க... தேதியை மட்டும் விட்டுருங்க."

"ஏன் தலைவரே?"

"பல்லு வரட்டும்யா!"

அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. தலைவர் வாயில் ஒரு பல்கூட இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் சைனா டாக்டர்தான் எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார். ஈறு ஆறி, அளவும் எடுத்தாகிவிட்டது. பல் செட் வர இன்னும் பத்து நாள். பஸ் ஸ்டாண்டில் நடக்கப் போகிற பெரிய கூட்டத்துக்கு மதுரையிலிருந்து அதிகாரி வருகிறார். தலைவர் பேச வேண்டும். பல் இல்லாமல் அவர் பேசினால் முன் வரிசைக்காரர்களுக்குக் குடை வேண்டும்.

தேதி இல்லாத நோட்டீஸ் அவர் சட்டைப் பையில் ஏறியது. மறுநாள் வெள்ளனே விஷயம் செண்பகனூர் வரை போய்விட்டது. பல் வந்தால் டாக்டர் போவார்!

அப்புறம் ஆரம்பித்தது வேடிக்கை. தலைவர் அளவு பார்க்கப் போகும்போதெல்லாம் டாக்டர் கடை வாசலில் கூட்டம். வெளியே வந்ததும், "பல்லு வந்துருச்சா?" என்று வாயைக் குனிந்து பார்ப்பார்கள். ஒருநாள் யாரோ எறிந்த கல் கடைக் கண்ணாடியை உடைத்தது. மரியபுஷ்பம் ரோஸியைப் பள்ளிக்கூடம் அனுப்புவதை நிறுத்தினாள்.

அன்று சாயங்காலம் ஹவில்தார் சவரிமுத்து என் கடைக்கு வந்தார். பழைய பட்டாளத்துக்காரர். போன உலக யுத்தத்தில், பாலைவனத்தில், இத்தாலிக்காரர்களிடம் பிடிபட்டு முள்வேலிக்குள் கிடந்தவர்.

"நோட்டீஸ் எழுதுன கை எது? வலதா, இடதா?"

"ஏண்ணே?"

"எந்தக் கையைக் குலுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கத்தான்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நான் துப்பாக்கியோட புடிபட்டவன்யா. அவன் ஆளுகளைச் சுட்டவன். புடிச்சவன் என்னை அடிக்கல. ரொட்டி குறைஞ்சுச்சுன்னு எழுதிப் போட்டோம். வந்துச்சு! எதனால? ஜெனிவா ஒப்பந்தம். துப்பாக்கி புடிச்ச எனக்கே அந்த மரியாதைன்னா, குறடு புடிச்சவருக்கு என்ன மரியாதை?"

அந்த யுத்தம் முடிந்த பிறகு, சண்டை போடாத ஜனங்களுக்கென்றே ஜெனிவாவில் தனி ஒப்பந்தம் போட்டார்களாம். எதிரி தேசத்தில் பிறந்தவன் நம் நடுவில் இருந்தால் அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, நாலு பேர் வேடிக்கை பார்க்கவும் விடக் கூடாது. ஆபத்து என்று தோன்றினால் சர்க்கார் சட்டப்படி கட்டுப்பாடு வைக்கலாம். நம் சர்க்காரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

"சர்க்காருன்னுதான் போட்டிருக்கு. உருளைக்கிழங்கு மண்டின்னு போடலை," என்றார் ஹவில்தார்.

தலைவரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஒரே ஒரு இடத்தில்தான் அதிர்ச்சி.

"வேடிக்கை பாக்கக் கூடாதுன்னு சட்டமா? அப்ப இந்த மழைக்காலத்துல ஊர்க்காரன் என்னய்யா செய்வான்? வேற என்ன சோலி இருக்கு?"

நோட்டீஸைத் திருப்பிக் கேட்டேன். பையைக் கையால் பொத்திக்கொண்டார். "கூட்டத்துல வாசிச்சுட்டுத்தான் மறுவேலை."

நானும் ஹவில்தாரும் டாக்டரிடம் போனோம். உடைந்த கண்ணாடிக்கு அட்டை ஒட்டியிருந்தது. உள்ளே மேஜை மேல் தலைவரின் பல் செட், மெழுகில், எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இழுங்க டாக்டர்," என்றார் ஹவில்தார். "ஒசரம் சரியில்லை, அகலம் சரியில்லைன்னு ஒரு மாசம் இழுங்க. அதுக்குள்ள சண்டை முடிஞ்சிரும்."

டாக்டர் தலையாட்டினார். "கஞ்சியாக் குடிச்சு அவரு பாதியா எளைச்சுட்டாருண்ணே. பாவம். சொன்ன தேதிக்குக் குடுத்துருவேன்."

கேட்டீர்களா? பாவம் என்று சொன்னது அவர். யாரைப் பார்த்து!

கூட்டத்தன்று மத்தியானம் பல் வந்துவிட்டது. தலைவர் மேடை ஏறினார். பத்து வயது குறைந்த முகம். மேடையில் பத்துப் பேர், நடுவில் மதுரை அதிகாரி, ஓரத்தில் நான். தலைவர் பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார். நீலப் பென்சிலால் தேதி போட்டிருந்தார்.

"நம்ம ஊர்ல இருக்கிற எதிரிக்கு—" என்று ஆரம்பித்தார். கணீரென்று இருந்தது. அவ்வளவு நல்ல வேலைப்பாடு!

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மரியபுஷ்பம் வந்தாள். கையில் எனாமல் பேசின். நேராக மேடைக்கு முன்னால் வந்து அதை ஏந்தினாள்.

"போடுங்க தலைவரே."

"என்னம்மா போடணும்?"

"பல்லைத்தான். எங்க வீட்டுக்காரரு எதிரின்னா, எதிரி செஞ்ச சாமான் உங்க வாயில எதுக்கு? கழட்டிப் போட்டுட்டு அப்புறம் வாசிங்க."

தலைவர் வாயைப் பொத்தினார். அவள் விடவில்லை. பேசினை மேடையில் அடுத்தடுத்த ஆள் பக்கம் நகர்த்தினாள்.

"மளிகைக்கடை அண்ணே, உங்களுக்கு மேல ரெண்டு. ஏலே ராசு, சிரிக்காத, ஒனக்குக் கடவாய்ப் பல்லு. வெரசா போடுங்க எல்லாரும். நாங்க இன்னைக்கே பஸ் ஏறணும்ல?"

கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள்.

"செக்ரட்டரியண்ணே, உங்களுக்கு ஒண்ணு அடைச்சிருக்கு. நீங்க நோண்டித்தான் எடுக்கணும்."

மேடையில் பத்து வாயும் மூடியிருந்தது. கமிட்டி போட்ட நாளிலிருந்து இப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. அதுவரை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் முதலில் முனகியது, பிறகு சிரித்தது, பிறகு விசிலடித்தது. பேசின் காலியாகவே இருந்தது. ஆனால் அவளுக்கு அது நகைச்சுவை இல்லை. வீட்டில் பெட்டி கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அதிகாரி திரும்பினார். "அது என்ன பேப்பர்?"

"கம்பளி லிஸ்டுங்க," என்றார் தலைவர்.

லிஸ்ட் எட்டாக மடங்கிப் பைக்குள் போனது. மீதிப் பேச்சு முழுக்கக் கம்பளிதான். நன்றாகவே பேசினார்.

டாக்டர் ஊரில்தான் இருக்கிறார். சர்க்கார் உத்தரவுப்படி ஸ்டேஷனில் பெயரைப் பதிந்திருக்கிறார், வாராவாரம் போய்க் கையெழுத்துப் போடுகிறார். அது சட்டம். ரோஸி பள்ளிக்கூடம் போகிறாள். சண்டையும் நின்றுவிட்டது.

எனக்கு ஒன்று புரிகிறது. எல்லையில் நிற்கிறவன், தன்னைச் சுட வருகிறவனைச் சுடுகிறான். மண்டியில் உட்கார்ந்திருக்கிறவன் பக்கத்தில் இருக்கிறவனைக் கடிக்கிறான் — பல் இல்லாவிட்டாலும்! கோபம் எவ்வளவு பெரியது என்பது, எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை என் கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்தது. வத்தலக்குண்டுக்குப் போய்ப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வெட்கம். மூன்றாம் நாள் வலி ஜெயித்தது. டாக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"பெரிசாத் திறங்கண்ணே."

திறந்தேன். குறடு உள்ளே போனது. பல்லைப் பிடித்துக்கொண்டு அவர் நிதானமாகக் கேட்டார்:

"தலைவரு பையில எட்டிப் பாத்த நோட்டீஸு... உங்க கையெழுத்துதானே?"

எப்படிப் பதில் சொல்வது? தலையைத்தான் ஆட்ட முடிந்தது. அதையும் மெதுவாக. அந்த அறையில் ஆயுதம் அவர் கையில். நிராயுதபாணி நான். ஒப்பந்தம் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"நல்ல கையெழுத்து," என்றார். இழுத்தார்.

வலித்தது. வலிக்க வேண்டிய அளவுக்குத்தான் வலித்தது.