அடுப்பக்காவை யார் எழுப்புவது?

அந்த நகரம் காலையில் தின்கிற ரொட்டியில் பாதி அவள் கைவழியாகத்தான் போகிறது. பெரிய பேக்கரி ஒன்றில் ராத்திரி ஷிப்டு அவளுக்கு. எந்தத் தட்டு எப்போது அடுப்புக்குள் போக வேண்டும், எது வெளியே வர வேண்டும் என்று அவள் சொன்னால்தான் ஆட்கள் அசைவார்கள். மாவு பிசையும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை வெண்கலமாகிவிட்டது. அங்கே எல்லோருக்கும் அவள் அடுப்பக்கா. மேலாளரும் அப்படித்தான் கூப்பிடுவார், கொஞ்சம் பயந்துகொண்டே.

அந்தக் குரலெல்லாம் பேக்கரியோடு சரி. விடிந்ததும் வீட்டுக்கு வருவாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவாள், சன்னலுக்குக் கெட்டித் திரையை இழுத்துவிட்டுச் சாயங்காலம்வரை படுத்துக்கொள்வாள். அப்புறம் பட்டப்பகலில் அந்த வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கும். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஹாரன் அடித்தே பிழைக்கிற மனுஷன், வீட்டுக்குள் பூனை மாதிரி நடப்பார். பதினாலு வயதுப் பெரியவளும் ஏழு வயதுச் சின்னவனும் தொலைக்காட்சியை ஊமைப்படமாகவே பார்த்து வளர்ந்த பிள்ளைகள். சண்டை வரும், வராமல் இருக்குமா? ஆனால் "குரங்கே", "நீதான் குரங்கு" எல்லாம் கிசுகிசுப்பில்தான். தலைமுடியைப் பிடித்து இழுத்தால் வாயை மட்டும் அகலத் திறந்து, சத்தமே வராமல் அலறுவான் சின்னவன். அடேயப்பா, அதைக் காசு கொடுத்தும் பார்க்கலாம்.

அடுப்பக்காவுக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. "எங்க வீட்டுல பிள்ளைங்க இருக்கிறதே தெரியாது" என்று ஷிப்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். அப்படி ஒரு வீட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவளுக்கும் தோன்றவில்லை, கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

பள்ளிக்கு ஒரு விடுமுறை நாள். சாயங்காலம் அலாரம் அடித்து எழுந்து கூடத்துக்கு வந்தாள். பெரியவள் சோபாவில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் ஈரத் துண்டு. பக்கத்தில் சின்னவன், ஐஸ்கட்டி போட்ட கிண்ணத்தைப் பிடித்தபடி பெரிய வைத்தியர் தோரணையில் இருந்தான்.

"என்னடி கையில?"

"ஒண்ணுமில்லம்மா. மாடிப்படியில வழுக்கிட்டேன்."

துண்டை விலக்கினாள். மணிக்கட்டு பன் மாதிரி உப்பியிருந்தது.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் விரிசல் என்று சொல்லிக் கட்டுப் போட்டார் டாக்டரம்மா. "எப்பம்மா விழுந்த?" என்று கேட்டார்.

"காலையில."

"இவ்வளவு நேரம் வீட்டுல யாரும் இல்லையா?"

"அம்மா இருந்தாங்க. தூங்கிட்டிருந்தாங்க, அதான் எழுப்பல" என்றாள் பெரியவள், நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கப்போகிற குரலில்.

அடுப்பக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் தன் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கை சரியாகிவிடும். ஆனால் கை முறிந்ததற்கே எழுப்பாத பெண், மனசு முறிந்தால் எழுப்புவாளா? பதினாலு வயது. இனிமேல்தானே ஆயிரம் வரும். அத்தனையையும் இப்படித் துண்டைச் சுற்றி மறைத்துவிடுவாளே என்ற பயம் பிடித்தது, பிடித்தது விடவில்லை.

மறுநாளே புதுச் சட்டம் வந்தது. "என்னை எப்ப வேணும்னாலும் எழுப்பலாம். எதுக்கு வேணும்னாலும் எழுப்பலாம். புரிஞ்சுதா?"

சின்னவனுக்கு அமோகமாகப் புரிந்தது. மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் எழுப்பினான், எறும்பு தூங்குமா என்று கேட்க. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுப்பினான், ஆடுகிற பல்லைக் காட்ட. கண் சொருகும்போது மூன்றாவது தடவை.

"இப்ப என்னடா?"

"ஒண்ணுமில்ல. எழுப்பலாமான்னு பார்த்தேன்."

ஒரே வாரத்தில் அடுப்பக்காவின் கண் இரண்டும் கோவைப்பழம். ஒரு தட்டு ரொட்டியைக் கரியாக்கினாள். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பேக்கரியே துக்கம் விசாரித்தது.

எழுப்ப வேண்டியவள் மட்டும் எழுப்பவேயில்லை. அடுப்பக்கா கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்துக் கிடப்பாள். கட்டுப் பிரித்த பிறகு பெரியவளின் முகம் இன்னும் சுருங்கியிருந்தது. காலடிச் சத்தம் கதவுவரைக்கும் வரும், நிற்கும், திரும்பிப் போய்விடும். சாயங்காலம் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா."

"அவளை என்னதான் பண்றது?" என்று ஓட்டுநரிடம் புலம்பினாள்.

"அவளைச் சொல்றியே, நீ என்னைக்காவது யாரையாவது எழுப்பியிருக்கியா? போன மாசம் காய்ச்சலோட வந்து படுத்த. அன்னைக்கு எனக்கு லீவு, பக்கத்துலதான் இருந்தேன். எனக்கே மறுநாள்தான் தெரியும்."

மனுஷன் வண்டியைச் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார், என்ன செய்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வேலையிலிருந்து வந்தவள் தன் அறைக்குப் போகவில்லை. நேரே போய்ப் பெரியவளின் கட்டிலில் உட்கார்ந்து அவளை உலுக்கினாள்.

"எந்திரிடி."

பெரியவள் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தாள். "என்னம்மா? அப்பாவுக்கு ஏதாவது?"

"அப்பா நல்லாத்தான் இருக்கார். மேலாளர் எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டிட்டார், தப்பு அவர்மேல. அவ்வளவு வருத்தமா இருக்கு. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு."

"இதுக்காம்மா எழுப்பின?"

"இதுக்குத்தான்."

பெரியவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். பேக்கரியையே ஆட்டிப் படைக்கிற அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு சுவரோரமாக நகர்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு பேருமாக மேலாளரின் நடை, தொப்பை, மீசை ஒன்றையும் விடாமல் கிழித்துத் தொங்கப்போட்டார்கள். நடுவில் சின்னவன் வந்து, தன்னை ஏன் எழுப்பவில்லை என்று சண்டை பிடித்தான். அன்றைக்கு அடுப்பக்கா படுத்ததும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. நாள்கள் போயின. வாய்விட்டுக் கேட்டுவிடலாமா என்று அவளுக்கு நாக்கு நமநமக்கும், அடக்கிக்கொள்வாள்.

பள்ளி சீக்கிரமே விட்ட ஒரு மத்தியானம், நல்ல தூக்கத்தில் இருந்தாள். அறைக் கதவு படாரென்று திறந்தது.

"அம்மா, எந்திரி."

கிசுகிசுப்பு இல்லை. வெண்கலக் குரல், அப்படியே அவளுடையது. இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு தொண்டை இருப்பதே அன்றுதான் தெரிந்தது. அடுப்பக்கா பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள் பெரியவள். முகம் கோணிக்கொண்டு வந்தது. "பள்ளிக்கூடத்துல யாரும் என்கூடப் பேசுறதில்ல. ரொம்ப நாளா."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். எப்பேர்ப்பட்ட அழுகை. எதிர்வீட்டில் சன்னல் திறந்தது. அடுப்பக்கா மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள். மெதுவாக என்று சொல்லவில்லை. கண்ணீரைக்கூட உடனே துடைக்கவில்லை. யார் பேசவில்லை, ஏன் பேசவில்லை, யாரைப் போய்ப் பார்ப்பது என்பதையெல்லாம் இன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடலாம். பேசத்தான் வந்துவிட்டாளே.

காலை ஷிப்டு முடிந்து வந்த ஓட்டுநர் அறை வாசலில் திகைத்து நின்றார். ஒருத்தி ஊரைக் கூட்டி அழுகிறாள், இன்னொருத்தி கண்ணில் நீரும் வாயெல்லாம் பல்லுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன ஆச்சு?"

"என்னை எழுப்பிட்டா" என்றாள் அடுப்பக்கா.